காண்டா

கோலக் கெட்டில், பழைய பால் ஸ்டோர்.
ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு
மைதிலிப்பிரியா வந்து நின்றாள்.
தோளில் காண்டாக் கம்பு,
இரு முனையிலும் காலி வாளி.
கழுத்தில் ஓர் அட்டை:
"விரும்பியதைப் போடலாம்.
ஆறு மணி வரை பேசமாட்டேன்."

கலை என்றார்கள். பினாங்கில் படித்தவளாம்.
கலை என்றால் நாற்காலி போடுவார்களே என்று
சாப்பாட்டுக் கடையிலிருந்து
அப்பளசாமி தானே ஒன்று தூக்கி வந்தார்.

முதலில் நல்லவர்களாகத்தான் இருந்தோம்.
கனகாம்புஜம் டீச்சர் இரண்டு முழம் மல்லிகை போட்டார்.
ஒரு பையன் பாதி தின்ற கச்சான் பொட்டலம்.
யாரோ ஐம்பது காசு;
விழுந்த சத்தம் நன்றாயிருந்தது,
இன்னும் நாலைந்து பேர் போட்டுக் கேட்டார்கள்.

பிறகு இடது வாளி சற்றே தாழ்ந்தது.
அவ்வளவுதான் நடந்தது.
"பாவம், ஒரு பக்கமா இழுக்குது புள்ளைக்கு"
என்று ஒரு பெண்,
பொய்யில்லாத இரக்கத்தோடு,
வலது வாளியில் ஒரு செங்கல்லை வைத்தாள்.

இப்போது வலது தாழ்ந்தது.
இடதுக்கு ஒரு இரும்புத் துண்டு.
அதற்கு வலதில் அரைவாளித் தண்ணீர்.
அதற்கு இடதில் ஈரமணல்.
யாரும் அவளைத் துன்புறுத்தவில்லை,
எழுதித் தருகிறேன்.
சமன்தான் செய்தோம்.

நாலரைக்கு முழங்கால் நடுங்கத் தொடங்கியது.
"எங்கம்மா இதைவிட ரெண்டு மடங்கு தூக்கினாங்க,
வயித்துல நான் இருந்தேன்" என்றான் ஒருவன்.
வீடியோ எடுத்தவன்
ஆடாம நில்லு, மங்கலா விழுது என்றான்.
மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி
விழாமல் நெடுநேரம் தொங்கியது;
அது எப்போது விழும் என்று
எனக்குப் பின்னால் பத்து வெள்ளி பந்தயம்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும்
வங்காளதேசத்துப் பையன்
(தினமும் என்னிடம்தான் அரிசி வாங்குகிறான்,
பெயர் கேட்டதில்லை)
குனிந்து வாளிக்கு அடியில் கை கொடுத்தான்.
"ஜாங்கான்!" என்று கத்தினோம்,
அவனுக்குப் புரியும் மொழியில், ஒரே குரலில்.
"விதி இருக்குல்ல!"
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
பின்வரிசைக்குப் போய்விட்டான்.

ஐந்தரைக்கு இடது பக்கம் ஒரு சாண் மேலே நின்றது.
முப்பது வருடம் வெங்காயம் நிறுத்த கண்,
பத்து கிலோ குறைகிறது என்றது.
சாலைக்கு எதிர்ப்புறம் என் கடை.
டிஜிட்டல் தராசு வந்த பிறகு
கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த படிக்கல்,
அவர் கையெழுத்தில், சிவப்புச் சாயத்தில், கடைப்பெயர்.
இரு கையாலும் சுமந்து வந்தேன்.
மெதுவாகத்தான் வைத்தேன்.
கம்பு நூல் பிடித்ததுபோல் நேரானது.
கைதட்டினார்கள்.
எனக்குத்தான்.

ஆறு மணிக்கு எங்கோ ஒரு பைக்குள் அலாரம்.
அவள் மண்டியிட்டு, வாளிகளைத் தரையில் விட்டு,
கம்பிலிருந்து தோளை உருவினாள்.
அழுவாள் என்று நினைத்தோம்.
ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்தினாள்.
"இது யாருது?"
சளி பிடித்தவள்போல் சாதாரணக் குரல்.

மல்லிகைக்கு மூன்று பேர் கை தூக்கினார்கள்.
காசுக்கு ஒரு கூட்டமே.
செங்கல்லுக்கு ஒருவருமில்லை.
மணலை யார் கேட்பார்?
பிறகு என் கல்.
தடவிப் பார்த்துச் சாயத்தைப் படித்தாள்:
"வே.சி. மளிகை."
எல்லோரும் திரும்பினார்கள்.
நானும் திரும்பினேன்,
அது யார் என்று தேடுகிறவள்போல.

இரவு படுக்கையில்தான்
அட்டையை மறுபடி படித்தேன்.
போடலாம் என்று இருந்தது.
எடுக்கக் கூடாதென்று
எங்கேயும் இல்லை.

கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
நாற்பது அடி தூரம்.
காற்றடித்தால் கடைக்கதவு
படீரென்று சாத்திக்கொள்கிறது,
அரிசி வாங்க வருகிறவன்
ஒரு காலால் தடுத்துப் பிடித்தபடி
காசு நீட்டுகிறான்.